ஹெர்மன் ஆமைக் குஞ்சைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறை

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. தமிழ்நாட்டில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்து சேரும். ஏனெனில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அது முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தமும் 2019இல் அதைத் தன் முதலாம் பின்னிணைப்புக்கு மாற்றியது. இலங்கையிலும் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினமே. ஆகவே அந்த ஆமையை வளர்ப்பதைப் பற்றிய பேச்சுக்கே இங்கு இடமில்லை. பிரிட்டனில் வாழ்ந்துகொண்டு, அங்கே சட்டப்படி இனப்பெருக்கம் செய்யப்பட்ட ஹெர்மன் ஆமையின் குஞ்சு ஒன்றை வாங்க எண்ணுபவர்களுக்காக எழுதப்பட்டது இக்கட்டுரை.

ஸ்பெயின், தெற்குப் பிரான்ஸ், இத்தாலி, பால்கன் நாடுகள், கிரேக்கம் ஆகிய பகுதிகளே ஹெர்மன் ஆமையின் தாயகம். வெயில் மிகுந்த கோடையும் குளிர்ந்த மாரிக்காலமும் கொண்ட அப்பகுதிகளில் அது ஆண்டுதோறும் குளிர்கால உறக்கம் கொள்ளும். முழு வளர்ச்சி அடைந்த பின்னும் பெரும்பாலானவை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை என்பதால் சிறிய தோட்டம் உள்ள வீட்டுக்கும் அது ஏற்றது. கடைகளில் உள்ளங்கை அளவில் விற்கப்படும் சல்கேட்டா ஆமை நாற்பது, ஐம்பது கிலோ வரை வளரும் ஆப்பிரிக்க இனம் என்பதையும், பிரிட்டன் குளிரில் அதற்கு ஆண்டு முழுவதும் சூடேற்றிய தனி அறையே தேவைப்படும் என்பதையும் விற்பவர்கள் எல்லோரும் சொல்வதில்லை. ஹெர்மன் ஆமை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. எனவே ஐம்பது வயதில் குஞ்சு வாங்குபவர் தமக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வாங்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து பல்லாயிரக்கணக்கில் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட காட்டு ஆமைகளின் வணிக இறக்குமதி 1984இல் தடைசெய்யப்பட்டது. இன்று ஹெர்மன் ஆமையை விற்பவரிடம் அதற்குரிய பத்தாம் பிரிவுச் சான்றிதழ் (Article 10 certificate), அதாவது அதை விற்க அனுமதிக்கும் அரசுச் சான்று, இருந்தாக வேண்டும். சான்றிதழில் மைக்ரோசிப் எண் குறிக்கப்பட்டிருந்தால், அது ஆமையின் உடலில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிப் பொருத்த முடியாத அளவுக்குக் குஞ்சு சிறியதாக இருந்தால், சான்றிதழில் அச்சிடப்பட்டுள்ள நிபந்தனைகளை வரி விடாமல் படித்துக்கொள்ள வேண்டும். 'சான்றிதழை அப்புறம் அனுப்பி வைக்கிறேன்' என்று சொல்பவரிடம் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

குஞ்சைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதன் இருப்பிடம் ஆயத்தமாக இருக்க வேண்டும். மேற்புறம் திறந்த, ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மரப்பெட்டி முதல் சில ஆண்டுகளுக்குப் போதும். உரமோ பூச்சிக்கொல்லியோ கலக்காத தோட்ட மண்ணுடன் சுத்தமான மணலைக் கலந்து, குஞ்சு தன்னை முழுதும் புதைத்துக்கொள்ளும் ஆழத்துக்குப் பரப்ப வேண்டும். பெட்டியின் ஒரு முனையில் மேலிருந்து வெப்பம் தரும் ஸ்பாட் விளக்கைப் பொருத்தி, அதன் நேர்கீழே ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்குமாறு சரிசெய்துகொள்ள வேண்டும். மறுமுனை 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். ஆமைக்குத் தானாக உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லாததால், வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நடந்தே அது தன் செரிமானத்தைச் சரிப்படுத்திக்கொள்கிறது; பெட்டி முழுவதும் ஒரே வெப்பமாக இருந்தால் அதற்கு அந்த வழி அடைபட்டுவிடும். அடியிலிருந்து சூடேற்றும் விரிப்புகள் இதற்கு உதவா. வெப்பம் மேலிருந்து வரும் என்பதே ஆமையின் இயல்பறிவு.

வெப்ப விளக்கைப் போலவே இன்றியமையாதது புறவூதா பி கதிரைத் தரும் குழல் விளக்கு. இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்தாலும் உடலில் சேராது, ஓடும் எலும்பும் மெலிந்து வளைந்துபோகும். சன்னல் கண்ணாடி இக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், சன்னலோரம் பெட்டியை வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று நிம்மதி கொள்வதில் பொருளில்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் கதிர்வீச்சு படிப்படியாகக் குறைந்துவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது குழலை மாற்ற வேண்டும். இரவில் இரண்டு விளக்குகளையும் அணைத்துவிடலாம். வீட்டுக்குள் 15 டிகிரிக்குக் கீழே போகாதவரை தனிச் சூடு தேவையில்லை.

இவற்றையெல்லாம் விடக் குஞ்சு வளர்ப்பில் அதிகம் தவறிப்போவது ஈரப்பதம். மத்தியதரைக் கடல் ஆமை என்றதும் பலரும் பாலைவனத்தை நினைத்துக்கொண்டு, காய்ந்த மரத்தூளிலும் சூடான விளக்கின் கீழும் குஞ்சை வைத்து உலர்த்திவிடுகிறார்கள். காட்டில் குஞ்சுகள் பெரும்பாலான நேரத்தைப் புல்லடியிலும், இலைச்சருகின் கீழும், ஈரமண்ணிலும் பதுங்கியே கழிக்கின்றன. உலர்ந்த சூழலில் வளரும் குஞ்சின் மேலோட்டில் ஒவ்வொரு தகடும் கூம்பாக எழும்பும். ஒருமுறை எழும்பியது பின் ஒருநாளும் தட்டையாகாது. புரதம் மிகுந்த உணவே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. சல்கேட்டா குஞ்சுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வு, புரதத்தின் பங்கு சிறிதென்றும் காற்றின் ஈரப்பதமே பெரிதும் தீர்மானிக்கிறது என்றும் காட்டியது. ஆகவே மண்ணின் மேற்பரப்பு உலர்ந்திருந்தாலும் அடிப்பகுதி எப்போதும் ஈரமாக இருக்குமாறு மூலைகளில் நீர் ஊற்றி வர வேண்டும். கவிழ்த்த மண்சட்டித் துண்டின் கீழ் ஈரப்பாசியை நிரப்பி ஒரு மறைவிடம் அமைத்துக் கொடுத்தால், குஞ்சு தானே அங்கு போய்த் தூங்கும். ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் நுரையீரல் நோய் வரும் என்பதால், பகலில் வெப்ப முனை குறையாமல் இருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெட்டியின் விளக்குகள் ஓரிரு நாள் எரிந்து வெப்பநிலைகள் நிலைபெற்ற பின், குஞ்சைத் தேர்ந்தெடுக்கப் போகலாம். முட்டையிலிருந்து வெளிவந்து சில மாதங்களாவது ஆன, தானாகத் தின்று எடை கூடத் தொடங்கிய குஞ்சையே வாங்க வேண்டும். கையில் எடுத்தால் அதன் உருவத்துக்கு மிஞ்சிய கனம் தெரிய வேண்டும். காலி டப்பாவைப் போல் இலேசாக இருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். கண்கள் முழுதாகத் திறந்து தெளிவாகவும், மூக்கில் ஈரமோ குமிழோ இன்றியும் இருக்க வேண்டும். இளங்குஞ்சின் ஓடு சற்றே நெகிழ்வது இயல்பு. ஆனால் விரலால் மெல்ல அழுத்தினால் குழிந்து நிற்கக் கூடாது. வயிற்று ஓட்டின் நடுவில் முட்டையின் மஞ்சள்கருப் பை இணைந்திருந்த இடம் முழுதும் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் விட்டால் வயிற்றைத் தூக்கி நிமிர்ந்து நடக்க வேண்டும். மேலும், விற்பவர் அதை எந்த மண்ணில், எந்த விளக்கின் கீழ், என்ன தீனி கொடுத்து வளர்த்தார் என்று கேட்டு, முடிந்தால் பெற்றோர் ஆமைகளையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. அவற்றின் ஓடு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அவருடைய பேச்சை நம்பலாம். ஆணா பெண்ணா என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே அறிய முடியும். அடைகாக்கும் வெப்பத்தைப் பொறுத்தே இந்த இனத்தில் பால் அமைகிறது. குறைந்த வெப்பத்தில் ஆண்களும் மிகுந்த வெப்பத்தில் பெண்களும் பிறக்கின்றன.

ஒரே ஒரு குஞ்சு போதும். துணையில்லாமல் ஏங்கும் என்று இரண்டாக வாங்கினால், வலியது மெலியதை வெப்பத்திலிருந்தும் தீனியிலிருந்தும் சத்தமில்லாமல் விலக்கிவைக்கும். நமக்கு அது சண்டையாகவே தெரியாது. வேறு இன ஆமையோடு சேர்ப்பது இன்னும் ஆபத்து, ஏனெனில் ஓர் இனம் நோய்க்குறி காட்டாமல் சுமக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஹெர்மன் ஆமையைக் கொன்றுவிடக் கூடும்.

தீனி எளிது. டான்டலையன், தோட்டத்துக் களைகள், செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றை மாற்றி மாற்றித் தினமும் கொடுக்கலாம். மருந்து தெளித்த இடத்தில் பறித்தவற்றைத் தவிர்க்க வேண்டும். நார் மிகுந்த இலையே அதன் குடலுக்கு உகந்தது. பழம், சோறு, ரொட்டி, நாய்த்தீனி எதுவும் கூடாது. பசலைக் கீரை சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடுவதால் அதையும் வழக்கமாக்க வேண்டாம். வாரத்தில் சில நாள் சுண்ணாம்புச் சத்துத் தூளை இலைமேல் தூவி, பெட்டியில் ஒரு கணவாய் ஓட்டையும் போட்டு வைத்தால் தேவையானபோது அது கடித்துக்கொள்ளும். விரைவாக வளர்க்க ஆசைப்படக் கூடாது. மாதத்துக்கு ஓரிரு கிராம் கூடினாலே நல்ல வளர்ச்சி. வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே நோய் எண்ணில் தெரிந்துவிடும்.

முதலாண்டில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் குளிக்க விட வேண்டும். நீர் அதன் தாடைக்கு மேல் ஏறக் கூடாது. அதில் நின்றபடியே அது குடிக்கும், கழிக்கும். சிறுநீரோடு வெளிவரும் வெண்பசை பற்பசை போல் குழைவாக இருந்தால் நலம். மணல்மணலாக இருந்தால் குஞ்சு போதிய நீர் குடிக்கவில்லை.

வெயில் உள்ள நாட்களில் தோட்டத்தில் விடலாம். காக்கை, மேக்பை, எலி, நரி ஆகியவற்றுக்கு அது ஓர் எளிய இரை என்பதால் மேலே கம்பிவலை மூடியும் நிழலும் கட்டாயம்.

குளிர்கால உறக்கத்துக்கு முன், கோடையின் முடிவிலேயே ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டி, மலத்தில் புழு உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். குடல் காலியாகும்வரை சில வாரம் தீனியை நிறுத்திக் குளியலை மட்டும் தொடர வேண்டும். உள்ளே எஞ்சிய தீனி குளிரில் அழுகிவிடும். அதன்பின் 5 டிகிரியில் நிலைநிறுத்திய தனிக் குளிர்சாதனப் பெட்டியில் காற்றுத்துளையிட்ட டப்பாவில் வைப்பதே, மாடியறையில் வைக்கும் பழைய வழக்கத்தைவிடப் பாதுகாப்பானது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கண் பழுதாகும், 10 டிகிரியைத் தாண்டினால் விழித்துக்கொண்டு கொழுப்பை எரித்துத் தீர்த்துவிடும். சில நாளுக்கு ஒருமுறை கதவைத் திறந்து காற்றை மாற்றி எடையைப் பார்க்க வேண்டும். தொடக்க எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, உறக்கத்தில் சிறுநீர் கழித்தாலோ எழுப்பிவிட வேண்டும். முதலாண்டுக் குஞ்சுக்குச் சில வாரங்கள் போதும். எடை சரிவர ஏறாத குஞ்சை அந்த ஆண்டு உறங்கவே விடாமல் விளக்கின் கீழ் வைத்திருப்பதில் தவறில்லை.

மூக்கு ஒழுகல், வாயைத் திறந்து மூச்சு விடுதல், வீங்கிய கண், விளக்கு எரியும் பகலிலும் மண்ணைவிட்டு வெளிவராமை ஆகிய எதுவும் ஓரிரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மற்றொன்று, நலமாக உள்ள ஆமையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். சிறு ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதால் நாலங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ளவற்றை விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடைசெய்தது. தொட்டபின் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதன் குளியல் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் அலம்பக் கூடாது.