பேட்டரியைப் பார்த்து ஃப்ரிட்ஜ் வாங்குங்கள்

கரூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் நான். காரிலேயே சமைத்துச் சாப்பிட்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஃப்ரிட்ஜை வாங்கிவிட்டு, ஒயர் இழுக்க மட்டும் என்னிடம் வருகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் வந்தால் இரண்டு பேருக்கும் வேலை குறையும்.

விலை குறைந்த ‘கார் ஃப்ரிட்ஜ்’ பெரும்பாலும் பெல்டியர் வகை, அதாவது கம்ப்ரசர் இல்லாமல் கரண்ட் பாயும் தகட்டால் குளிரவைப்பது. வெளிச்சூட்டிலிருந்து 15, 20 டிகிரி குறைப்பதோடு அதன் சக்தி தீர்ந்துவிடும். எங்கள் ஊர் மே மாத 40 டிகிரியில் கணக்குப் போட்டுப் பாருங்கள், உள்ளே 20க்கு மேல்தான் இருக்கும். பாலும் மீனும் கெட்டுவிடும். கேஸில் ஓடுவது சமமாக நிறுத்திய கேரவனுக்குச் சரி, மூடிய காருக்குள் ஆகாது. ஆக, கம்ப்ரசர் வைத்ததுதான். விலை அதிகம், வேறு வழியில்லை.

இனி கணக்கு. ஓடும்போது 45 வாட் இழுக்கும் பெட்டி, வெயில் காலத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 540 வாட்-ஹவர், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர்-ஹவர். பல சின்ன கார்களில் இருப்பதே 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான்! வண்டியை நிறுத்திவிட்டு இரவு முழுக்க அதில் ஓட்டினால், “அண்ணே, செல்ஃப் எடுக்கல” என்று ஏற்காட்டிலிருந்து காலையில் போன் வரும். ஸ்டார்ட் செய்வதற்கென்று செய்த பேட்டரியை அடிக்கடி இப்படி வடித்தால் சீக்கிரம் செத்தும் போகும்.

ஓரிரவுக்கு 500 வாட்-ஹவர் பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டி) போதும். இரண்டு நாள் ஒரே இடத்தில் தங்குவீர்கள் என்றால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி தனியாக வேண்டும். வண்டி ஓடும்போது கார் கரண்டிலிருந்து அது சரியாக சார்ஜ் ஏற டிசி-டிசி சார்ஜர் என்ற கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகு எத்தனை லிட்டர் என்று முடிவு செய்யுங்கள். 40 லிட்டர் கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு 20 லிட்டரே தாராளம் என்பது என் எண்ணம்.

பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் தானாக நின்றுவிடும் கட்-ஆஃப் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். அது மூன்று நிலையில் மாற்றக்கூடியதாக இருப்பது நல்லது. கார் பேட்டரியில் ஓட்டினால் சீக்கிரமே நிறுத்தும் ‘ஹை’, தனி பேட்டரி என்றால் கடைசி வரை ஓடவிடும் ‘லோ’. பேட்டரி நிறைந்திருந்தும் பெட்டி நின்று போகிறதா? முதலில் ஒயரைப் பாருங்கள். டிக்கி வரை 4 மீட்டர் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) ஒயரில், போய்வரும் வழியில் 5 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட அரை வோல்ட் தொலைகிறது; பேட்டரிதான் இறங்கிவிட்டது என்று கட்-ஆஃப் ஏமாந்துவிடும். நாலு ஸ்கொயர் செம்பு ஒயர் போட்டால் 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஆடி ஆடி லூசாகும் லைட்டர் சாக்கெட்டை நான் நம்புவதில்லை.

இன்சுலின் கொண்டுபோகிறவர்கள் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே போடுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்த மருந்து ஆகாது. உள்சுவரை ஒட்டி வைக்காமல் டப்பாவில் போட்டு நடுவில் வையுங்கள்.

அப்புறம், கிளம்பும் முந்தைய இரவே வீட்டு கரண்டில் பெட்டியைக் குளிரவைத்து, குளிர்ந்த பொருளையே அடுக்குங்கள். காற்று போகும் ஜாலியை மூட்டை முடிச்சால் அடைக்காதீர்கள். காலிப் பெட்டியே 10 கிலோவுக்குப் பக்கமோ மேலோ இருக்கும், பிரேக் அடித்தால் முன்னால் பாயும். பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.