விட்டவாசலிலிருந்து பத்துத்தூண் வரை: மதுரைத் தெருக்களைப் பார்க்க ஒரு காலை நடை

மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஜிகர்தண்டா மூன்றையும் முடித்துவிட்டு ரயில் ஏறுகிறவர்கள்தான் அதிகம். நான் சொல்வது இந்த மூன்றுக்கும் நடுவே கிடக்கும் மிச்சங்களைப் பற்றி. பாதியில் நின்றவை, இடிபடாமல் தப்பியவை எல்லாம் வியாபாரத்துக்கு நடுவே நின்றுகொண்டிருக்கின்றன. முதன்முறை நடப்பவர்களுக்கு என் யோசனை இது.

1. ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள். பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும், வண்டிகளும் குறைவு. நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அதனால் சாமி தரிசனத்தை இந்த நடையோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. தெருக்கணக்கைப் பிடியுங்கள். ஆடி வீதிகள் கோயில் மதிலுக்குள் இருக்கின்றன. வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரம். ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என நான்கு பக்கம். இது பிடிபட்டால் மேப் வேண்டாம். மாதப் பெயர் கொண்ட வீதியில் அந்த மாதத் திருவிழா நடப்பது வழக்கம். ஆனால் சித்திரைத் தேர் மட்டும் மாசி வீதிகளில் ஓடும். மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதியின் பெயர் மாறவில்லை. வழி கேட்டால் "நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்பார்கள். வலது பக்கம் திரும்புங்கள்.

3. கிழக்குக் கோபுரத்தின் எதிரே புது மண்டபத்தில் தொடங்குங்கள். திருமலை நாயக்கர் கட்டியது. தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் தூணுக்குத் தூண் நிறைந்திருந்த இடம் இது. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

அதைத் தாண்டிக் கிழக்கே வந்தால் ராய கோபுரம். இதையும் அவர்தான் தொடங்கினார், அடித்தளத்தோடு நின்றுவிட்டது. முதலில் பாத்திரக் கடைகள்தான் கண்ணில் படும், கோபுரம் தெரியாது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து வாசலின் நிலைக்கல்லைப் பாருங்கள். ஒரே கல், அதன்மேல் கொடிக்கொடியாகச் செதுக்கல். கல்லைப் பார்த்ததும் மேலே எத்தனை நிலை எழும்பியிருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். என் ஓட்டு முடிந்த கோபுரங்களைவிட இதற்குத்தான்.

4. அம்மன் சன்னதித் தெருவில் விட்டவாசல். நாயக்கர் காலத்தில் ஊரைப் பெரிதாக்கப் பழைய பாண்டியர் கோட்டையை இடித்தபோது விட்டுவைத்த வாசல் இது. இன்றைக்கும் ஆட்டோவும் பைக்கும் அதற்குள்தான் புகுந்து போகின்றன. உள்ளே நின்று படம் எடுக்காதீர்கள், ஓரமாக நில்லுங்கள்.

5. கீழ மாசி வீதியில் தெற்கே திரும்புங்கள். பலசரக்கு மொத்த வியாபாரத் தெரு. வார நாளில் வந்தால் மூட்டைகளுக்கு நடுவே மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டேதான் நடக்க வேண்டும். இங்கே கடை போர்டுக்கு மேலே பாருங்கள். பழைய மாடிகளில் சுதை வேலையும் மரச் சன்னலும் இன்னும் அங்கங்கே தப்பியிருக்கின்றன. கீழே சுவரில் போஸ்டர்கள் இருக்கும்: காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. மதுரையில் போஸ்டர் இல்லாமல் விசேஷம் கிடையாது. மாமன்மார் பெயர் வரிசையை மட்டும் படித்தாலே பொழுது போகும்.

6. தெருமுனையில் விளக்குத்தூண். 1840களில் நாயக்கர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. அந்தக் கோட்டை இருந்த இடம்தான் வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன.

7. பக்கத்துச் சந்தில் பத்துத்தூண். துணிக்கடைகளின் கூரைக்கு மேலே பத்துப் பெரிய தூண்கள், தாங்குவதற்கு எதுவுமில்லாமல் நிற்கும். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம் இவை. இங்கிருந்து மகாலுக்கு நடந்து பாருங்கள். இடையில் வரும் வீடுகள், கடைகள், சந்துகள் வரை ஒரு காலத்தில் அரண்மனை பரவியிருந்தது. இன்று நிற்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.

8. மகால் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். 1636இல் கட்டியது. பத்துத்தூணைப் பார்த்துவிட்டு வந்தால் உள்ளே நிற்கும் தூண்களின் சுண்ணாம்புப் பூச்சு எவ்வளவு வழவழப்பு என்று சொல்லாமலே புரியும்.

கால் தாங்கினால் மேல மாசி வீதிக்கும் போகலாம். 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியது அங்கே 251ஆம் எண் வீட்டில்தான். கீழ்த்தளத்தில் கதர்க்கடை இருக்கிறது. ஞாயிறு என்பதால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கலாம்.