இடைக்கால நாள்: வேஷம் கட்டுவதில் நான் பட்ட பாடு

பள்ளியில் ஐரோப்பிய இடைக்கால நாள் (சுமார் 500 முதல் 1500 வரையான காலம்), பிள்ளைகள் அந்தக் கால வேஷத்தில் வர வேண்டும் என்று சீட்டு வந்த அன்றே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்துவிட்டது. அட்டைப்பெட்டியை வெட்டி, அலுமினியத் தாள் ஒட்டி, பளபளவென்று ஒரு மார்புக் கவசம். ஆளாளுக்கு இதயம் போட்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உடையில் பெயர் எழுதுங்கள், தேதியை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நேராகக் கவசத்துக்கு வருகிறேன்.

அட்டைக் கவசம்

மகனுக்கு அப்போது 7 வயது. அந்தக் காலத்துப் பிரபு வீட்டுப் பையன்களை அந்த வயதில்தான் இன்னொரு பிரபுவின் மாளிகைக்குப் பணிப்பையனாக அனுப்புவார்கள். 14 வயது வாக்கில் கவசம் போட்ட குதிரை வீரனுக்கு (நைட்) உதவியாளன்; வீரப்பட்டமெல்லாம் 21 வாக்கில்தான். நானோ ஏழு வயதிலேயே முழுக் கவசம் மாட்டி அனுப்பினேன்.

இரண்டு ராத்திரி வேலை. மார்புக்கு, முதுகுக்கு, தோளுக்கு, தொடைக்கு என்று தனித்தனி அட்டை. கைக்கு இரண்டு குழாய். எல்லாம் முதுகுப் பக்கம் வெல்க்ரோ. காலையில் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தபோது என்னைவிடப் பெருமைப்பட்டவர் யாரும் இல்லை.

சாயங்காலம் கவசம் குப்பைப் பையில் வந்தது. "நின்னுக்கிட்டே இருந்தேன்மா" என்றான். உட்கார்ந்தால் மார்பு அட்டை மேலேறித் தாடையில் இடிக்கிறது. முழங்கை மடங்காததால் தண்ணீர் பாட்டில் வாய்க்கு எட்டவில்லை. கழிப்பறை அவசரம் வந்தபோது முதுகு வெல்க்ரோ அவன் கைக்கு எட்டவில்லை. ஆசிரியை ஓடிவந்து பிய்த்தெடுத்திருக்கிறார். மிச்ச நாள் முழுக்க உள்பனியனோடு.

இன்றைக்கும் ஆற்றாமையாக இருப்பது இதுதான்: அளவெடுத்தபோது அவனை நிற்கவைத்து மட்டுமே எடுத்தேன். ஒரு தடவை உட்காரச் சொல்லியிருந்தால் போதும்.

நிஜக் கவசம் இப்படி இல்லை. 15ஆம் நூற்றாண்டின் முழு எஃகுக் கவசம் 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். ஆனால் மூட்டுக்கு மூட்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்படி தோல்வாரும் ஆணியும் வைத்துக் கோத்திருப்பார்கள். போட்டுக்கொண்டு ஓடலாம், தானே குதிரை ஏறலாம். வீரனைக் கிரேனில் தூக்கிக் குதிரைமேல் வைத்தார்கள் என்பது வெறும் கதை. எஃகு மடங்கியது, என் அட்டை மடங்கவில்லை.

மாற்று வழி ரொம்பச் சுலபம். 12ஆம் நூற்றாண்டிலிருந்தே சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசத்துக்கு மேல் கையில்லாத துணி அங்கி போடும் வழக்கம் வந்துவிட்டது. சாம்பல் நிற முழுக்கை ஸ்வெட்டர்தான் உங்கள் சங்கிலிக் கவசம். தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து, அதைப்போல் இரு மடங்கு நீளத்துக்குத் துணி எடுத்து, இரண்டாக மடியுங்கள். மடிப்பின் நடுவில் கழுத்து. இங்கேயும் நான் ஒரு துணியைப் பாழாக்கினேன்: தலை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டினால் அங்கி தோளைவிட்டு இறங்கிவிடும். 12 செ.மீ. அகலத்தில் சின்ன வட்டம், முன்பக்கம் கீழ்நோக்கி 10 செ.மீ. கீறல், அவ்வளவுதான். இடுப்பில் ஒரு பெல்ட்.

முந்தின நாளே போடவைத்துத் தரையில் உட்காரச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், தனியாகக் கழிப்பறை போய்வரச் சொல்லுங்கள்.

மங்கிப்போகும் சின்னம்

அங்கியில் மஞ்சள் துணிமேல் வெள்ளைச் சிங்கம் ஒட்டாதீர்கள். நாலடி தள்ளி நின்றால் தெரியாது. வீரர்கள் அங்கியிலும் கேடயத்திலும் போட்ட மரபுச் சின்னங்களில் மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்று உலோகக் கணக்கு. உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ வரக்கூடாது என்பது விதி. சிவப்பில் மஞ்சள், நீலத்தில் வெள்ளை என்று போனால் தப்பிக்கலாம்.

கொம்பு வைத்த தலைக்கவசம்

வேண்டாம். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங் வீரர்கள் கொம்பு வைத்துக்கொண்டதில்லை; அவர்களுக்குக் கொம்பு மாட்டிவிட்டது 19ஆம் நூற்றாண்டு.

வாள்

வீட்டில் இருக்கட்டும்.

எல்லாரும் ராஜா, ராணி

அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் நிலத்தில் உழைத்தவர்கள். மகள் முறை வந்தபோது ரொட்டிக்காரியாக அனுப்பினேன்: பழுப்பு நிறப் பாவாடை, தலைத்துணி, ஒரு கூடை. அரை மணி நேர வேலை. பக்கத்தில் ஒரு ராணியின் கூம்புத் தொப்பி மதியம் வரை நேராக நிற்கவில்லை, பாவம். கொல்லன், இடையன், துறவி எல்லாமே வேஷம்தான்.

விருந்துக்குக் கொடுத்தனுப்புவது

உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், சாக்லேட் எதுவும் கூடாது. இவையெல்லாம் 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தன. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள் போதும். தட்டுக்குப் பதிலாகக் காய்ந்த ரொட்டித் துண்டில் வைத்துச் சாப்பிடுவது அந்தக் கால வழக்கம் என்று மகளிடம் ஒரு தடித்த துண்டு கொடுத்தனுப்பினேன். தட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டு வந்தாள்.