மான் வேட்டைக்குத் துல்லியமான தோட்டாவைக் கையால் நிரப்புவது எப்படி?

மான் வேட்டைக்கெனத் தோட்டா நிரப்ப உட்காருபவர், எந்த அளவு துல்லியம் தமக்குத் தேவை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய மானினங்களில் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கும். சிறிய இனங்களில் அந்த வட்டம் இன்னும் சுருங்கும். ஆறிக் குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டே அங்கு சென்று சேர்ந்தால்தான் விலங்கு நீண்ட வேதனையின்றி விழும் என்பதால், வேட்டைக்காரர் தேட வேண்டிய துல்லியம் அந்த முதல் குண்டின் துல்லியமே. வேட்டைக்கும் தோட்டா நிரப்புவதற்கும் சட்டம் இடமளிக்கும் நாடுகளில், உரிமம் பெற்றவர்களுக்காக மட்டுமே இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன.

ஒரு தோட்டாவில் பித்தளை உறை, அடியில் தட்டப்படும்போது தீப்பொறி தரும் பிரைமர், அதனால் எரிந்து குண்டைத் தள்ளும் வெடிமருந்து (இனி மருந்து), குழலிலிருந்து பறந்து செல்லும் குண்டு என நான்கு உறுப்புகள் உள்ளன. இவற்றில் குண்டைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்குப் போட்டிக்கான குண்டுகள் தாளில் மிக நெருக்கமான துளைகளை இட்டாலும், உடலுக்குள் சீராக விரிவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றை மான் மீது பயன்படுத்தக் கூடாது. வேட்டைக் குண்டுக்கும் விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. தயாரிப்பாளர் குறிப்பிடும் அந்த வேகத்துக்குக் கீழே குண்டு இறங்கிவிடும் தொலைவில் சுடுவதில்லை என்று முன்னரே உறுதி கொள்ள வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், ஒரே எடையில் முழுச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க, குழலின் உட்புரி (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள்) குறைந்த நீளத்திலேயே ஒரு சுற்றை முடிக்க வேண்டும். தம் ரைஃபிளின் புரி வீதத்தை (எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்று என்பதை) அறியாமல் செம்புக் குண்டு வாங்குபவர், மற்ற எல்லா வேலைகளையும் சரியாகச் செய்தும் குறி சிதறுவதைக் காண்பார்.

உறைகள் ஒரே தயாரிப்பைச் சேர்ந்தவையாகவும், ஒரே எண்ணிக்கையில் முன்பு சுடப்பட்டவையாகவும் இருப்பது நல்லது. கழுத்தில் வெடிப்பு உள்ளதையும், அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான கோடு விழுந்ததையும் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கோடு, உள்ளே பித்தளை மெலிந்து உறை இரண்டாகப் பிரியும் நிலைக்கு வந்திருப்பதன் அறிகுறி. கழுத்தை மட்டும் இறுக்கி மறுபடி நிரப்பும் முறை இலக்குச் சுடுதலில் சிலருக்குப் பயன்படலாம். வேட்டையில் ஒவ்வொரு தோட்டாவும் தடையின்றி அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) நுழைய வேண்டும் என்பதால், முழு உறையையும் அளவுக்குக் கொண்டுவருவதே என் பரிந்துரை. போல்ட் ரைஃபிளில் (கையால் தாழை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் வகை), கழுத்துக்குக் கீழே உறை சரிந்து அகலும் தோள்பகுதியைச் சுமார் 0.05 மி.மீ. பின்னுக்குத் தள்ளினால் போதும். உறையின் நீளத்தையும் அளக்க வேண்டும்: .308 வின்செஸ்டர் என்னும் தோட்டா வகைக்கு உச்ச நீளம் 51.18 மி.மீ. அதைத் தாண்டிய உறையின் வாய் அறையின் முனையில் மாட்டிக்கொண்டு குண்டை நெரிப்பதால், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும்.

மருந்தின் அளவை நினைவிலிருந்தோ நண்பர் சொல்லிலிருந்தோ எடுக்கக் கூடாது. குண்டு, மருந்து ஆகியவற்றின் தயாரிப்பாளர் வெளியிடும் அண்மைக் கையேட்டில் அந்தக் குறிப்பிட்ட குண்டுக்கு உள்ள தொடக்க அளவிலேயே ஆரம்பிக்க வேண்டும். உச்ச அளவு மட்டும் தரப்பட்டிருந்தால் அதிலிருந்து 10 சதவீதம் குறைப்பது வழக்கம். மருந்தை நிறுக்கும் அலகான ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு முறையும் எடைக்கல் வைத்துத் தராசைச் சரிபார்ப்பது அவசியம். மேசைமீது ஒரே ஒரு மருந்துக் குப்பி மட்டும் இருக்க வேண்டும். குண்டைப் பொருத்துமுன் எல்லா உறைகளுக்குள்ளும் விளக்கொளியில் பார்த்து, மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று உறுதி செய்யும் பழக்கத்தை ஒருநாளும் விடக் கூடாது.

குண்டு எவ்வளவு ஆழம் அமர்கிறது என்பது குறியைப் பெரிதும் பாதிக்கும். புரியைத் தொடும் அளவுக்கு அதை நீட்டி வைப்பது அழுத்தத்தை உயர்த்துவதோடு, சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு குழலில் சிக்கி, மருந்து ரைஃபிளுக்குள் கொட்டிவிடவும் இடமளிக்கும். காட்டில் இது நேர்ந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. எனவே புரிக்கும் குண்டுக்கும் இடையே இடைவெளி விட்டு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் தாராளமாக அடங்கும் நீளத்தில் தொடங்க வேண்டும்.

சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். முதலில் மருந்தைச் சிறு படிகளாக உயர்த்தி, நல்ல பலன் தரும் அளவைக் கண்டபின், அதை மாற்றாமல் குண்டின் ஆழத்தைச் சோதிக்கலாம். போல்ட் கனமாகத் திறப்பது, பிரைமர் தட்டையாவது, உறையின் அடியில் தழும்பு விழுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். இவை தென்படாததால் அழுத்தம் பாதுகாப்பானது என்று கொள்ளவும் முடியாது. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் நொடிக்குச் சில மீட்டர் கூடுதல் வேகம் காண்பதற்காக உச்ச அளவை நெருங்குவதில் பொருளில்லை, மானுக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

மூன்று குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டி விழுந்ததைக் கண்டு முடிவெடுப்பதே பலரும் செய்யும் தவறு. அதே தோட்டாவைப் பத்து முறை சுட்டால், சராசரியாகச் சிதறல் ஒன்றரை மடங்குக்கு மேல் விரிவதை எதிர்பார்க்க வேண்டும்; ஆகவே மூன்று துளைகளை வைத்து இரு அளவுகளை ஒப்பிடுவது பெரும்பாலும் தற்செயலை ஒப்பிடுவதே. தேர்ந்தெடுத்த அளவைப் பத்துக் குண்டுகளால் உறுதி செய்த பின், வேறு வேறு நாட்களில், வேட்டைப் பருவத்தின் வெப்பநிலையிலேயே, குளிர்ந்த குழலிலிருந்து நாளுக்கு ஒரே குண்டு வீதம் ஒரே தாளில் சுட வேண்டும். பல மருந்துகளில் வெப்பநிலையோடு வேகமும் மாறும் என்பதால், கோடையில் சரிசெய்த குறி பனிக்காலத்தில் நகரக்கூடும்.

வேட்டைக்குரிய தோட்டாக்கள் அனைத்தையும், சுடுதளத்தில் குழலைப் பாதுகாப்பான திசையில் நிறுத்தி, ஒருமுறை அறைக்குள் செலுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். பெட்டியின்மேல் உறை, பிரைமர், மருந்து, அதன் எடை, குண்டு, மொத்த நீளம், நிரப்பிய தேதி, எந்த ரைஃபிளுக்குரியது ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். அந்தத் தோட்டாக்களை வேறொரு ரைஃபிளில் சுடக் கூடாது.