பெற்றோல் லொறி கரும்புகை கக்கினால் எங்கே தேடுவது?

புகைக்குழாயில் கரும்புகையும் எரியாத பெற்றோல் நெடியும் எழ, கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் முனையில் உலர்ந்த கரி படிந்திருந்தால், 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல் என்ற அளவை மீறிப் பெற்றோல் கூடுதலாகப் போகிறது என்று கொள்ளலாம். கார்புரேட்டர் வண்டியாயின் அடைபட்ட எயார் ஃபில்டரையும் திறவாமல் சிக்கிய சோக்கையும் (குளிர்ந்த இஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) முதலில் பாருங்கள்.

இன்ஜெக்டர் உள்ள வண்டியில் பலரும் தவறவிடுவது, குளிர்நீரின் வெப்பநிலையை அளக்கும் சென்சரையே. அது பழுதுபட்டால், இஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கொண்டு கணினி கூடுதல் பெற்றோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். இரவு முழுதும் நிறுத்திய வண்டியில் ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைத்து அதன் அளவீடுகளைப் படிக்கும் கருவி) காட்டும் வெப்பநிலை அன்றைய காற்றின் வெப்பத்தை ஒத்திருக்க வேண்டும். கடுங்குளிர் அறியாத கொழும்பில் விடியற்காலையிலும் அது 0 பாகைக்குக் கீழே காட்டினால், பழுது சென்சரிலோ அதன் வயரிலோதான் இருக்கும். பஞ்சிகாவத்தைக்குப் பாகம் வாங்கப் போகுமுன் வயரையும் இணைப்பையும் சோதித்துவிடுங்கள், வீண்செலவு மிகவும் நோகும்.

அடுத்து, இஞ்சின் ஆறியபின், பெற்றோல் அழுத்த ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றுங்கள். அதனுள் பெற்றோல் ஈரம் இருந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துள்ளது. பிறகு இன்ஜெக்டர் கசிகிறதா என்று பாருங்கள். புகையில் எஞ்சும் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சரைக் கடைசியாகவே சந்தேகியுங்கள்.