சஸ்பென்ஷன் மாற்றப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

திருகோணமலையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு ட்ராக் கிட்டத்தில் இல்லை. கட்டுக்குருந்த ரேஸ் ட்ராக்குக்குப் போவதென்றால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஊர் ஊராகக் கடந்து, கொழும்பையும் தாண்டி, களுத்துறைக்கு அப்பால் போக வேண்டும். ஏறத்தாழ 300 கிலோமீட்டர். காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடியவர்கள் கொஞ்சப்பேர். மற்றவர்கள் எந்தக் காரில் ஓடப்போகிறார்களோ அதிலேயே போய், அதிலேயே வீடு திரும்ப வேண்டும். ட்ராக்கில் ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுவது அபூர்வம். வீதியில் போகவர 12 மணித்தியாலத்துக்கு மேல்.

சஸ்பென்ஷனை (வீலைக் காரோடு பிணைக்கும் ஸ்பிரிங், சொக், ஆர்ம் எல்லாம் சேர்ந்தது) மாற்றும்போது விடப்படும் பிழைகளில் முக்கால்வாசி இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பிடி என்ற நம்பிக்கை நம் பொடியன்களிடம் வேரூன்றிக் கிடக்கிறது. வளைவில் கார் சரியாமல் நிற்பதைப் பார்த்து, அது ரோட்டைப் பிடித்து நிற்கிறது என்று நினைத்துவிடுகிறோம். பிடி டயரில் இருக்கிறது. டயர் ரோட்டை விட்டு விலகாமல் இருக்க, மேடு பள்ளத்துக்கு ஏற்ப வீல் ஏறி இறங்க இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் சொக்கின் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சொக் அப்சோபரின்) பயணம் என்கிறோம். காரில் எதை மாற்றினாலும் அந்தப் பயணத்தைக் கண்ணைப்போல் காக்க வேண்டும்.

என்னுடையது 1999ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. நான்கு வீலுக்கும் டபுள் விஷ்போன் (மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் வீலைப் பிடிக்கும் அமைப்பு), ஆள் ஏறாமல் ஏறத்தாழ 1,050 கிலோ. இதற்கு கொயில் ஓவர் (ஸ்பிரிங்கும் சொக்கும் ஒன்றாக, உயரம் மாற்றக்கூடிய தொகுதி) வாங்கப்போகிறேன் என்று சொன்ன அன்று, கிண்ணியாவில் எனக்குக் கார் பார்க்கும் நானா ஒன்றும் பேசாமல் காரை ஜாக்கில் ஏற்றினார். லோவர் ஆர்முக்கும் அது பூட்டப்படும் சப்ஃபிரேமுக்கும் இடையில் ஒரு கம்பியைச் செருகி மெல்ல நெம்பினார். இரண்டையும் இணைக்கும் புஷ்ஷின் ரப்பர் காய்ந்த சேறு போல வெடித்துப் பிளந்தது. "தம்பி, இத வச்சிக்கிட்டு தங்கத்தில சொக் பூட்டினாலும் கார் நேரா போகாது" என்றார். இருபது வருடத்துக்கு மேலான ரப்பர் அது. கொயில் ஓவருக்கு வைத்திருந்த காசில் பாதி அன்று புஷ், போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் என்று போனது. அவை மட்டும் புதிதாகி, அலைன்மென்டும் (வீல்களின் கோணங்களைச் சரியாக வைப்பது) செய்த பிறகு நிலாவெளி வீதியில் ஓட்டிப் பார்த்தேன். பழைய சொக்கிலேயே கார் ஸ்டியரிங்குக்கு உடனே பதில் சொல்லியது.

ஆகவே பழசைப் பார்க்காமல் புதுசு வாங்குவது முதல் பிழை. டயரும் இதில் சேரும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கச்சான் காற்றும் வெயிலும் வாட்டும் நம் ஊரில், பூ தேயாமல் இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகிப்போகும். அந்த டயரின் மேல் எந்தச் சொக்கைப் பூட்டியும் பயனில்லை.

புஷ் மாற்றும்போது கராஜில் அநேகமாக எல்லாரும் விடும் பிழை ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கார் ஜாக்கில் நிற்கும்போது வீல் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே ஆர்மின் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் சுழலுகிற சாமான் அல்ல. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயில் ரப்பர் ஒட்டியிருக்கும், போல்ட் இறுகியதும் அந்தக் குழாய் அசையாது. ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை நிலத்தில் இறக்கிய அந்தக் கணமே ரப்பர் முறுகிப்போகும். கார் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது, சில மாதத்திலேயே ரப்பர் கிழியும். கார் நிற்க வேண்டிய உயரத்திலும் நிற்காது. எல்லா போல்ட்டையும் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் பூட்டி, வீலைக் கட்டையில் ஏற்றியோ குழிக்கு மேல் நிறுத்தியோ, காரின் பாரம் வீலில் இருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். நானா இதற்காகவே நான்கு பனங்குற்றி வைத்திருக்கிறார். பொலியூரிதேன் புஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை, அது சுழலும். ஆனால் கடற்கரை மணல் புகுந்தால் கிறீச்சிடும், அடிக்கடி கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும். வீதியில் ஓடும் காருக்கு நல்ல ரப்பரே போதும்.

அடுத்தது, சொக்கை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்குவது. பழைய ஸ்பிரிங்கை வெட்டுவதும் இதே கதைதான், இன்னும் மோசம். சொக்கின் நீளம் மாறவில்லை. கார் 30 மில்லிமீட்டர் இறங்கினால், மேல்நோக்கிய பயணத்தில் ஏறத்தாழ அத்தனையும் போய்விடும். (டபுள் விஷ்போனில் சொக் வீலைவிடக் குறைவாக நகரும், அதனால் சொக்கில் கணக்குக் கொஞ்சம் குறையும்.) மிச்சப் பயணம் முடிந்ததும் சொக்கின் உடல் பம்ப் ஸ்டொப் எனும் அந்த நுரை ரப்பரில் போய் இடிக்கும். நசுங்க நசுங்க அது ஒரு கடினமான ஸ்பிரிங் ஆகிவிடும். வளைவின் நடுவில் ஒரு சிறு மேட்டில் இது நடந்தால், அந்த மூலையின் டயருக்குச் சட்டென்று பாரம் ஏறிப் பிடி விடும். ஓட்டுபவருக்குக் கார் திடீரென்று வழுக்கியது போல இருக்கும். இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5க்குப் பிறவியிலேயே பயணம் குறைவு. அதை மேலும் இறக்குபவர்கள், தெரியாமலே நாள்முழுக்க பம்ப் ஸ்டொப்பில் உட்கார்ந்து ஓடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேபிள் டை போதும். சொக்கின் தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டில் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, கீழே உடலோடு ஒட்டும்வரை தள்ளிவிடுங்கள். உப்புவெளியிலிருந்து இறக்கக்கண்டிப் பாலம் வரை வழக்கமாகப் போகிற மாதிரியே ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சொக் எவ்வளவு நசுங்கியதோ அவ்வளவுக்கு டை மேலே போயிருக்கும். என் காரில் அது பம்ப் ஸ்டொப்புக்குள் புதைந்து, நுரையில் ஒரு தடம் பதித்திருந்தது. அவ்வளவு தூரத்திலும் நான் எந்தப் பெரிய பள்ளத்திலும் விழவில்லை. அன்றே காரை 15 மில்லிமீட்டர் உயர்த்தினேன். பார்க்க முன்போல் அழகில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். ட்ராக்கில் அந்த உயரத்தில்தான் கார் சொன்ன சொல் கேட்டது.

மக்பர்சன் ஸ்ட்ரட் (மேல் ஆர்ம் இல்லாமல் சொக்கே வீலைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள கார் என்றால் இறக்குவதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. லோவர் ஆர்ம் மேல்நோக்கிச் சாயத் தொடங்கும். காரின் பாரமையம் இறங்குவதைவிட வளைவில் கார் எதைச் சுற்றிச் சரிகிறதோ அந்த ரோல் சென்டர் எனும் புள்ளி வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், இறங்கிய கார் முன்பைவிட அதிகமாகச் சரியப் பார்க்கும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேட வேண்டிவரும். அத்துடன் டை ரொட்டின் கோணமும் பிசகி, மேட்டில் ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். நீளமான போல் ஜொயின்ட் போட்டு இதைத் திருத்தலாம். ஆனால் 20 மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொண்டால் பெரும்பாலும் அந்தச் செலவே வராது.

சரி, ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்கலாம்? மற்றவரின் காரில் உள்ள இலக்கத்தைக் கேட்டு அதையே வாங்குவதுதான் நம் வழக்கம். "அவன் 10 போட்டிருக்கிறான்" என்பார்கள். மில்லிமீட்டருக்கு 10 கிலோ என்று அர்த்தம். ஆனால் வீலுக்குப் போய்ச் சேர்வது அந்த 10 அல்ல. வீல் 10 மில்லிமீட்டர் ஏறும்போது சொக் 7 மில்லிமீட்டர் மட்டும் நசுங்குகிற டபுள் விஷ்போன் காரில், நசுங்கும் தூரமும் வீலுக்குப் போகும் விசையும் இரண்டுமே அந்த அளவில் குறைவதால், 0.7ஐ வர்க்கப்படுத்தினால் 0.49. அதாவது 10 கிலோ ஸ்பிரிங் வீலில் 4.9 கிலோவாகத்தான் வேலை செய்யும். ஸ்ட்ரட் காரில் சொக் வீலோடு ஏறத்தாழ ஒன்றாகவே நகர்வதால், அதே 10 கிலோ கிட்டத்தட்ட முழுதாகவே வந்துசேரும். ஒரே இலக்கம், இரண்டு காருக்கு இரட்டிப்பு வித்தியாசம்.

இதை வைத்து, கார் விநாடிக்கு எத்தனை தரம் ஆடும் என்று கணக்கிடலாம். என் காரில் ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் பாரம் ஏறத்தாழ 250 கிலோ. 10 கிலோ ஸ்பிரிங் போட்டால் 2.2 ஹேர்ட்ஸ் வருகிறது, 6 கிலோ போட்டால் 1.7. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். 2க்கு மேலே போவது ட்ராக்குக்கென்றே ஒதுக்கிய காருக்கு உரியது. காபட் வீதியில் 2.2 தாங்கலாம். ஆனால் ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே வந்து திடீரென்று பிரேக் அடிக்கும்போது, ரோடு கொஞ்சம் அலையலையாக இருந்தால் டயர் துள்ளும். துள்ளுகிற டயரால் காரை நிறுத்த முடியாது. வீட்டிலிருந்து ஓடிப்போய் ஓடிவரும் காருக்கு 1.6க்கும் 1.8க்கும் இடையில் நிற்பதே என் தேர்வு.

கொயில் ஓவர் வந்ததும், ஸ்பிரிங் தட்டைச் சுழற்றி உயரத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். உடலின் நீளத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகை என்றால் அடிப்பகுதியைச் சுழற்றி உயரத்தை வையுங்கள், ஸ்பிரிங் தட்டைத் தொட வேண்டாம். அந்த வசதி இல்லாத மலிவு வகையில் தட்டை இறக்க இறக்கப் பயணம் குறையும், ஒரு கட்டத்தில் ஜாக்கில் ஏற்றினால் ஸ்பிரிங்கே தளர்ந்து ஆடும். தட்டை மேலே இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நினைப்பதும் தவறு. மில்லிமீட்டருக்கு 6 கிலோ என்றால் எவ்வளவு இறுக்கினாலும் 6தான்.

சொக்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கிளிக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முழுதாக மூடி, அங்கிருந்து எண்ணித் திறந்து, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வைத்து, எழுதி வையுங்கள். ட்ராக்குக்கு இரண்டு மூன்று கிளிக் கூட்டலாம். முழுதாக மூடி வீதியில் ஓட்டாதீர்கள். அடுத்தடுத்து மேடு வரும்போது வீல் திரும்ப இறங்க நேரம் கிடைக்காமல், கார் ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து கடைசியில் பம்ப் ஸ்டொப்பில் போய் உட்காரும்.

முன்வீல் இழுக்கும் ஹொண்டாக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பின்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சரிவதைக் குறைக்கும் கம்பி) போட்டால் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும், உண்மை. ஆனால் மாரி தொடங்கி வீதியில் தண்ணீர் நிற்கும்போது, வளைவில் பயந்து அக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வீசிவிடும். மாற்றிக்கொள்ளக்கூடிய ஓட்டை உள்ள பாரை வாங்கி, ஐப்பசியிலிருந்து மாசி வரை மென்மையான ஓட்டையிலேயே வையுங்கள். வீட்டில் அம்மாவோ தங்கையோ அந்தக் காரை ஓட்டுவதாக இருந்தால் வருடம் முழுக்க அங்கேயே இருக்கட்டும்.

உயரம் மாறினால் அலைன்மென்ட் மாறும். ஸ்பிரிங் போட்டுவிட்டு "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுபவர்கள் ஒரு சோடி டயரை இழந்த பிறகே பார்க்கிறார்கள். டயரின் உட்பக்கம் தேய்ந்தால் எல்லாரும் கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கும்போது வீல் சாய்ந்து நிற்கும் கோணம்) குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். ஒரு வீலுக்கு 0.2 பாகை டோ பிசகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 3.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்பது கணக்கு. கட்டுக்குருந்த போய்ச்சேரும்போது ஒரு கிலோமீட்டர் தூரம் டயரைத் தேய்த்திருப்போம். என் காருக்கு முன்பக்கம் கேம்பர் மைனஸ் 1.8, டோ பூச்சியம், பின்பக்கம் துளி உள்நோக்கிய டோ. ட்ராக்குக்கு மட்டும் ஓடுபவர் மைனஸ் 3 வரை போவார். எனக்கு வீடு திரும்ப வேண்டும். அளக்கும்போது ஓட்டுபவரின் ஆசனத்தில் உங்கள் நிறையுள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மண் ஓட்டத்துக்கு இதெல்லாம் பொருந்தாது. நமக்குக் கிட்ட அநுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்குரொஸ், தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் எல்லாம் மண் பாதைகள். அங்கே உயரமும் நீண்ட பயணமும் வேண்டும். ஒரே காரை இரண்டுக்கும் தயார்படுத்தப் போனால் இரண்டும் கெடும்.

கடைசியாக, உப்பு. இதை வெளியூர்க்காரர் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கொயில் ஓவர் ஒரு சோடி நான் கொழும்பில் வாங்கினேன். துடைத்து, பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி இருந்தது. தண்டை விரலால் தடவிப் பார்த்திருந்தால் ஊசிமுனை அளவு துருப்புள்ளிகள் தட்டுப்பட்டிருக்கும். நான் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் புள்ளிகள் சீலைக் கிழித்து எண்ணெய் வழிந்தது. பாவித்தது வாங்கினால் தண்டு முழுவதையும் வெளியே இழுத்து, வெயிலில் பிடித்து, நகத்தால் தடவிப் பாருங்கள். அலுமினிய வளையமும் இரும்பு உடலும் உரசும் மரைகள் வாடைக்காற்றில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பூட்டும்போதே கிரீஸ் பூசி, மரையை உறையால் மூடி, டச்பே பக்கமோ நிலாவெளியிலோ காரை நிறுத்தி வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர் இதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது லோவர் ஆர்மின் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட். கேம்பரும் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்) அதைச் சுழற்றித்தான் வைக்கப்படும். அது புஷ்ஷின் இரும்புக் குழாய்க்குள் துருப்பிடித்து இறுகிவிட்டால் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றியும் பயனில்லை. என் காரில் ஒரு பக்கப் போல்ட்டை நானா இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி, சூடாக்கி, அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வாளால் அறுத்து எடுத்தார். அறுத்த துண்டு என் மேசை லாச்சியில் கிடக்கிறது. இப்போது ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில், மழைக்கு முன், நான்கு மூலையிலும் போல்ட்டின் நிலையைப் பெயின்ட் கோட்டால் குறித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கிரீஸ் பூசி, கோட்டுக்குக் கோடு பொருத்தி, வீலைப் பனங்குற்றியில் இறக்கிய பிறகு இறுக்குகிறோம். ஒரு காலைப்பொழுது போதும்.