மலையில் கேமிங் கணினி: குறைந்த செலவில் பாகங்கள் தேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் காந்திபுரத்துக் கணினிக் கடைகளுக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் முழுதாகப் போய்விடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மரமோ மண்ணோ சரிந்துவிட்டால் அன்று போன காரியமும் நடக்காது. கீழே இருப்பவர்கள் பொருந்தாத ஒரு ரேமை மறுநாள் மாலையே கடையில் மாற்றிக்கொள்வார்கள். நமக்கோ அதே தவறுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் வேலையும் சேர்ந்தே செலவாகின்றன. அதனால் ஐநூறு ரூபாய் பேரம் பேசுவதைவிட, வாங்கும் முன் ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்ப்பதே மலையில் இருப்பவருக்குப் பெரிய சேமிப்பு.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினி அசெம்பிள் செய்து கொடுக்கும் பழக்கத்தில் நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் ஓரிடத்திலிருந்தே கிளம்புகின்றன. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஓர் எண்ணை நம்பிவிடுகிறோம். அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்பதில்லை.

‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். விளையாட்டின் படங்களைக் கணக்கிட்டுத் திரைக்கு அனுப்பும் பாகம் அது. ஜிடி 730 என்ற கார்டு 2014இல் வெளிவந்தது. திரையில் படம் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட எளிய கார்டு. அதில் 4 ஜிபி நினைவகம் வைத்து இன்றும் கேமிங் கார்டு என்று விற்கிறார்கள். நினைவகம் என்பது கிடங்கின் அளவு மட்டுமே; அதிலிருந்து எடுத்து வேலை செய்யும் கைகள் இரண்டே இருந்தால் கிடங்கு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்? பெயர் ஒன்றாக இருக்கும்போதும் ஏமாறலாம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. பின்னது நினைவகத்தில் மட்டுமன்றிக் கணக்கிடும் திறனிலும் குறைந்தது. ஆனால் அது 70 வாட் மட்டுமே எடுத்துக்கொள்வதாலும், தனி மின் இணைப்பு தேவைப்படாததாலும், பழைய கணினியில் செருகுவதற்கு அதுவே பொருத்தம். புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு ஃபுல் எச்டி திரையில் விளையாட ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்டு மேலானது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை வாங்குவோர் தம் மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை) பிசிஐஇ 4.0 வகையா என்று முதலில் பார்க்க வேண்டும்; பிசிஐஇ என்பது கார்டும் போர்டும் தரவு பரிமாறும் இணைப்பு. அந்தக் கார்டு நான்கே தடங்களில் தரவை அனுப்புவதால், பழைய 3.0 போர்டில் அதன் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும்.

‘ஐ5 கணினி’ என்ற விளம்பரமும் இதே வகைதான். ஐ5 என்பது இன்டெல் நிறுவனப் பிராசஸர்களின், அதாவது கணினியின் மூளையாக இருக்கும் சில்லுகளின், ஒரு குடும்பப் பெயர். மூன்றாம் தலைமுறை ஐ5 வெளிவந்தது 2012இல். அந்தப் பழைய பிராசஸரைப் புதிய கேபினெட்டுக்குள் (கணினியின் வெளிக்கூடு) வைத்து, வண்ண விளக்கு எரியவிட்டு, குறைந்த விலைக்குத் தருகிறார்கள். விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழுள்ளவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை; விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் அதிகம் விளையாடும் வாலரன்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். ஆகவே தலைமுறை எண்ணைக் கேட்காமல் பிராசஸர் வாங்கக் கூடாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 என்பதும் 5600ஜி என்பதும் ஒன்றல்ல. ஜி வகையில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான். கார்டை இப்போதே வாங்குபவருக்கு 5600 நல்லது. கார்டுக்கான பணம் ஆறு மாதம் கழித்துத்தான் வரும் என்பவருக்கு ஜி நல்லது. இன்டெலில் 12400எஃப் என்றால் உள்கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். விலை குறைவு என்பதால் எல்லோரும் எஃப் வகையையே பரிந்துரைக்கிறார்கள். நான் மலையில் இருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து எஃப் இல்லாத 12400ஐயே வாங்கச் சொல்வேன். கிராபிக்ஸ் கார்டு பழுதாகி உத்தரவாதத்துக்கு அனுப்பினால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை எஃப் வகைக் கணினியில் திரை இருண்டே கிடக்கும். பிள்ளையின் பாடமும் வீட்டுக் கணக்கும் சேர்ந்தே நின்றுபோகும். பெட்டியில்லாத ‘ட்ரே’ பிராசஸர் வாங்குவோர் அதனுடன் கூலர் வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது பொருத்தம். ஏஎம்டியின் புதிய பிராசஸர்களுக்கான ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே பொருந்தும். 12400 செருகும் போர்டுகளிலோ டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் தனித்தனிப் போர்டுகள் உண்டு, ஒன்றுக்கான ரேம் மற்றொன்றில் நுழையாது. ரைசனுக்கான பழைய பி450 போர்டில் 5600ஐப் பொருத்துவதானால், பயாஸை (போர்டின் தொடக்க மென்பொருள்) புதுப்பித்துத் தருமாறு கடையிலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் பாகம், மற்றப் பாகங்களுக்கெல்லாம் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ். நான் முதன்முதலில் அசெம்பிள் செய்த கணினியில், கேபினெட்டுடன் சேர்த்தே தருகிறோம் என்று கடைக்காரர் சொன்ன 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்தினேன். ஐப்பசி மழையில் ஒரு மாலை, எங்கோ மின்கம்பியில் மரம் விழுந்து, மின்சாரம் போய்ப் போய் மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை கேபினெட்டுக்குள் ‘பட்’டென்று ஒரு சத்தம், பிறகு கருகிய நாற்றம். எஸ்எம்பிஎஸ்ஸுடன் மதர்போர்டும் போயிற்று. மறுநாள் அதைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து அதன் ஒட்டுத்தாளைப் படித்தேன். 450 என்ற எண் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட் என்ற பத்தியில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட் தடத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். மீதி எண், அவற்றுக்குப் பயன்படாத தடங்களைக் கூட்டிக் காட்டிய கணக்கு.

கடையில் பெட்டியைத் திறந்து, இந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். 550 வாட் என்றால் 12 வோல்ட் தடத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருப்பதே நேர்மையான எஸ்எம்பிஎஸ்ஸின் அடையாளம். 80 பிளஸ் வெண்கல (Bronze) முத்திரை இருந்தால் நல்லதுதான், எனினும் அது அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே. மின்னழுத்தம் ஏறினால் தானே துண்டித்துக்கொள்ளும் காப்பு இருக்கிறதா, உத்தரவாதம் ஐந்தாண்டு உண்டா என்பதைத் தனியே கேட்க வேண்டும். மறுபுறம், பயந்துபோய் 750 வாட் வாங்குவதும் வீண்செலவு. 12400 முழு வேகத்தில் சுமார் 117 வாட், ஆர்எக்ஸ் 6600 சுமார் 132 வாட், மற்றவை எல்லாம் சேர்ந்து ஐம்பது, அறுபது. மொத்தம் 300ஐ ஒட்டித்தான் வருகிறது.

யுபிஎஸ்ஸிலும் எண் ஏமாற்றும். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும். அதில் மானிட்டரையும் சேர்த்துச் செருகி விளையாடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துபோகலாம். 1000 விஏ வாங்குவது நல்லது. இவற்றுக்கெல்லாம் முன்னால் எர்த் வேண்டும். பழைய லைன் வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், அதன் பின்னால் எர்த் கம்பி இருக்காது. கேபினெட்டின் இரும்பை விரலால் தொடும்போது ‘சுர்’ரென்று இழுத்தால் எர்த் இல்லை என்றே கொள்ளலாம். கார்டு வாங்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி முதலில் எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

ரேமில் 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குவது வேகத்துக்கு நல்லது. உள்கிராபிக்ஸில் விளையாடுவோருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் அதற்குக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எம்.2 வடிவ எஸ்எஸ்டி (சேமிப்பகம்) எல்லாமே வேகமான என்விஎம்இ வகை அல்ல; வேகம் குறைந்த சாட்டா வகையும் ஏறக்குறைய அதே வடிவில் வருகிறது.

குளிர்விப்பதற்குப் பெருந்தொகை செலவிடுவது நம் ஊரில் தேவையற்றது. 2,240 மீட்டர் உயரத்து உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் விசிறியின் வேலைத்திறன் சற்றுக் குறைகிறது. ஆனால் அறையின் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. இந்த நிலைப் பிராசஸர்களுக்குப் பெட்டியில் வரும் கூலரே போதும். லிக்விட் கூலர் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடலாம். நமக்குச் சூட்டைவிட ஓதமே கவலை. மழைமாதங்களில் கேபினெட்டைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல் மேசைமேல் வைத்து, மஞ்சு இறங்கும் நேரத்தில் பக்கத்து ஜன்னலைச் சாத்த வேண்டும். பல நாள் அணைத்தே வைத்திருக்கவும் கூடாது.

பழைய கார்டு வாங்குவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்ட பின், அந்த நாணயத்தை ஈட்ட இரவுபகலாக மைனிங்கில் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் விசிறி தேய்ந்தும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்தும் இருக்கலாமே தவிர எல்லாமே கெட்டவை அல்ல. படம் பார்த்துப் பணம் அனுப்புவதுதான் தவறு. விற்பவர் இடத்திலேயே அரைமணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய கார்டுக்குப் புதிய பெயர் ஏற்றி விற்பதைக் காட்டிக்கொடுக்கும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும்.

எல்லாம் சரியாக வாங்கி, பூட்டி முடித்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. சென்ற மாதம் என் அக்கா மகன், புதுக் கார்டு வேலையே செய்யவில்லை, கோயம்புத்தூருக்குத் திருப்பி எடுத்துப் போகலாம் மாமா என்று வருத்தத்தோடு வந்து நின்றான். போய்ப் பார்த்தால் மானிட்டரின் எச்டிஎம்ஐ வயர் மதர்போர்டில் செருகியிருந்தது. அதைக் கழற்றி, கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் துளையில் செருகினோம். பிறகு விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பைத் திறந்தேன். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், 60இலேயே நின்றுகொண்டிருந்தது. அதையும் மாற்றி வைத்துவிட்டு வந்தேன்.